அடைக்கு வைக்கக் கூடாத முட்டைகள்

ராத்தா,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளின் வாய்க்குள் விரலை விட்டு ஒரு பச்சை வளையத்தை வெளியே எடுத்தேன். வயர்களைச் சேர்த்துக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டி. திகனயில் உங்கள் கணவரின் எலக்ட்ரிக் கடையிலிருந்து பிடி பிடியாக அள்ளி வந்து நீங்கள் கோழிக் கால்களில் மாட்டுவீர்களே, அது. கூட்டின் மணம் அதில் அப்படியே இருந்தது. மகளுக்கு மூன்று தரம் வாய் கொப்பளிக்க வைத்து, கைக்குச் சவர்க்காரம் போட்டு, நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று தெரியும். "பிள்ளை வளர்க்கிறீங்களா மிஸ், இல்லாட்டி ஊறுகாய் போடுறீங்களா?"

வளையத்தை எங்கே எடுத்தாய் என்று கேட்டதற்கு மகள் ஒரு பதில் சொன்னாள். அந்தப் பதிலால்தான் இந்த மடல். அதைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் போய் ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன் என்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது. உங்கள் ஜனாஸா அன்று மகளுக்குக் காய்ச்சல், வெளியே மழை. அவளைத் தூக்கிக்கொண்டு வரவும் பயம், விட்டுவிட்டு வரவும் பயம். பயந்துகொண்டே வீட்டில் இருந்துவிட்டேன்.

நாம் சந்தித்தது நினைவிருக்கிறதா? குண்டசாலையில் பிள்ளைகளுக்கு நிறை பார்த்து ஊசி போடுகிற கிளினிக். இரண்டு பேர் மடியிலும் கைப்பிள்ளை. நான் போனில் வீட்டுக்காரரிடம், "ஐயோ, கழுத்துல மயிர் முளைக்குதுங்க! காலைலதான் பார்த்தேன், கொத்துக் கொத்தா!" என்று கத்திவிட்டேன். வரிசையில் இருந்த அத்தனை தாய்மாரும் திரும்பி என் பிள்ளையின் கழுத்தைப் பார்த்தார்கள். நீங்கள் மட்டும் என் முகத்தைப் பார்த்து, "சந்தையில வாங்கின கோழியா?" என்று கேட்டீர்கள்.

ஆம், சந்தையில் வாங்கிய கோழி. பிள்ளைக்கு முட்டை மஞ்சள் கொடுக்கத் தொடங்கலாம் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து, அந்த முட்டையை இட்ட கோழி என்ன தின்றிருக்கும் என்ற கவலை எனக்கு. வேலையையும் விட்டிருந்தேன். நாமே வளர்த்தால் என்ன என்று தொடங்கி, வாசித்து வாசித்து, கழுத்து மொட்டைக் கோழியில் போய் நின்றேன். இந்த நாட்டிலேயே பழகி வளர்ந்த, சிறிய உடம்பும் சிவந்த வெறும் கழுத்தும் உள்ள சாதி. எல்லோரும் பெரிய வெளிநாட்டுக் கோழியோடு கலந்து கலந்து இப்போது சுத்தமானது அருமை. அருமை என்று வாசித்ததும் அதுதான் வேண்டுமென்று சந்தைக்குப் போய், ஒரு சேவலும் இரண்டு பேடும் வாங்கி வந்தேன். மூன்றாம் கிழமை மூன்றுக்கும் கழுத்தில் இறகு முளைத்தது.

"பிடுங்கி வித்திருக்காங்க மிஸ்," என்றீர்கள். "முழுசா வெறும் கழுத்து எண்டா ரெண்டு பக்கத்து ரத்தமும் சுத்தம். முன்னுக்கு ஒரு குஞ்சம் மாதிரி இறகு நிண்டா ஒரு பக்கம் கலப்பு. அந்தக் குஞ்சத்தைப் பிடுங்கிட்டா ஒங்களப் போல படிச்சவங்க வாங்கிட்டுப் போவாங்க." பிறகு என் முகம் போன போக்கைப் பார்த்து, "கெம்பஸ்ல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களே, என்ன செய்ய," என்று உங்கள் பிஸ்கட் பொதியிலிருந்து ஒன்றை நீட்டினீர்கள். என்னைவிட இரண்டே வயது மூத்தவர் நீங்கள். ராத்தா என்று கூப்பிடத் தொடங்கியது அன்றுதான்.

ஆனாலும் உடனே எனக்கு முட்டை தரவில்லை. முதலில் என் கூட்டைப் பார்க்க வந்தீர்கள். கம்பி வலையை இழுத்துப் பார்த்தீர்கள், கதவை உதைத்துப் பார்த்தீர்கள், பக்கத்து வீட்டில் சேவல் இருக்கிறதா என்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தீர்கள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட எங்கள் வீட்டை அப்படிப் பார்த்ததில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் பன்னிரண்டு முட்டை வந்தது. ஒவ்வொன்றிலும் பென்சிலால் தாயின் அடையாளம். உங்கள் பேடுகளின் தாய் யார், தாயின் தாய் யார் என்று நீங்கள் சொல்லிக்கொண்டே போவதை வாய் பார்த்துக்கொண்டு நிற்பேன். எழுதி வைத்ததில்லை. எல்லாம் தலைக்குள்.

அந்தப் பச்சை வளையத்தின் கதை அதற்கு அடுத்த வருடம். உங்கள் தங்கையின் நிக்காஹ் நாளில் வீடு நிறைய ஆட்கள். யாரோ கூட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டார்கள். சேவல் ஏதும் உள்ளே வந்ததா என்று ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறீர்கள். இல்லை, இல்லை என்றார்கள். சொந்தக்காரர்கள் வார்த்தைதானே என்று நம்பிவிட்டீர்கள். அடுத்த கிழமை சேர்த்த முட்டைகளை எனக்கும் இன்னும் மூன்று வீடுகளுக்கும் கொடுத்தீர்கள். உங்கள் வீட்டில் அடைக்கு வைத்தது பொரித்தபோது இரண்டு குஞ்சுகளின் கழுத்தில் முன்பக்கம் குஞ்சம் நின்றது.

அன்றைக்கே கைக்குழந்தையோடு பஸ் ஏறி என் வீட்டு வாசலில் நின்றீர்கள். வியர்வையும் தூசியுமாக, உட்காரக்கூட இல்லை. "சேவல் உள்ளுக்கு வந்திருக்கு மிஸ். வந்துட்டுப் போனாலும் மூணு கிழமைக்கு அதுட ரத்தம் பேட்டுக்குள்ள இரிக்கும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஆக்கள்ட பேச்சை நம்பிக் குடுத்துட்டன்." என் குஞ்சுகளில் மூன்றுக்குக் குஞ்சம். நான் உங்களை ஆறுதல்படுத்துவதாக நினைத்து, "பரவாயில்லங்க ராத்தா, கோழி தானே," என்றேன்.

உங்களுக்குக் கோபம் வந்ததை அன்றுதான் முதலில் கண்டேன். "என்னத்துக்குப் பரவாயில்ல? நான் பிழை செஞ்சீக்கிறன், நீங்க பரவாயில்ல எண்டுறீங்க. இதுட முட்டையை நீங்க நாளைக்கு இன்னொருத்திக்குக் குடுப்பீங்க. அவளும் பரவாயில்ல எண்டுவாள். பிறகு எங்க போய்த் தேடுற சுத்தமானதை?"

அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்த மகள் அதற்குள் அந்த மூன்றுக்கும் பெயர் வைத்துவிட்டதால் அவற்றை எடுத்துப் போகவில்லை. பைக்குள்ளிருந்து பச்சை வளையங்களை எடுத்தீர்கள். குஞ்சு வளர வளர மாற்றிப் போடும்படி பெரியது சிறியதாக ஒரு பிடி தந்தீர்கள். பச்சை என்றால் முட்டை நாங்கள் சாப்பிடலாம், அடைக்கு மட்டும் வைக்கக் கூடாது. பிறகு மற்ற மூன்று வீடுகளுக்கும் போனீர்கள். கடைசி வீட்டில் உங்களை வாசலிலேயே நிறுத்தி ஏசினார்களாம். "ஏசட்டும். ஏசினாத்தான் கோழியில அக்கறை இரிக்கி எண்டு அர்த்தம்," என்று போனில் சொல்லிச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் வெகு நாள் யோசித்திருக்கிறேன். ஒருவரும் கண்டுபிடிக்காத பிழையைச் சொல்லப் போய் ஏச்சு வாங்கிவிட்டு எப்படிச் சிரிக்க முடியும்?

நீங்கள் போன பிறகு உங்கள் கோழிகள் யார் யார் கைக்கோ போய்விட்டன. உங்கள் கணவருக்கு எது எதுவென்று தெரியாது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். மிஞ்சியது என்னிடம் இருப்பவைதான். அவற்றில் பேடுகள் எல்லாம் என் சேவலுக்குத் தங்கைகள், மகள்கள். கடைசியாக வைத்த பன்னிரண்டில் ஐந்துதான் பொரித்தது, ஒன்றுக்குக் கால் விரல் வளைந்திருந்தது. வேறு ரத்தத்தில் ஒரு சுத்தமான சேவல் கிடைக்காவிட்டால் உங்கள் வரிசை என் கூட்டிலேயே முடிந்துபோகும்.

ஆறு மாதமாகத் தேடினேன். முகநூலில் மூன்று பேர் ஒரே சேவலின் படத்தைத் தங்கள் சேவல் என்று அனுப்பினார்கள். "நூறு வீதம் ஒரிஜினல் மேடம்" என்றார் ஒருவர். இன்னொருவரிடம் அதன் தாயைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "தாயெல்லாம் எதுக்கு மேடம், சம்பந்தமா பேசப் போறீங்க?" என்றார். யாரிடம் என்ன குறையைக் கேட்டாலும், அதெல்லாம் ஒன்றுமில்லை, பரவாயில்லை என்ற பதில்தான்.

கடைசியில் தெல்தெனியவில் ஓர் அக்கா கிடைத்தார். மாட்டு மருந்துக் கடையில் பேசிக்கொண்டிருந்தபோது யாரோ சொன்ன தகவல். நேரில் போனேன். சிறிய உடம்பு, நெஞ்சு வரைக்கும் வெறும் கழுத்து, ஒரு முள் இறகுகூட இல்லை. விரலால் தடவியே பார்த்தேன். தாய்ப்பேடும் அந்த முற்றத்திலேயே மேய்ந்தது. காசு வேண்டாம், உங்கள் வரிசையில் பன்னிரண்டு முட்டை தந்தால் போதும் என்றார். எட்டாம் நாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கரு இருந்தால் சேவலைக் கொண்டு போகலாம் என்று பேச்சு. முட்டைகளைக் கொடுத்து ஐந்தாம் நாள்தான் போன ஞாயிறு.

இப்போது மகள் சொன்ன பதில். "கூட்டுக்குள்ள எடுத்தேன்மா. பெரிய சேவல் வந்துச்சே, அன்னைக்கு."

"எந்தப் பெரிய சேவல்?"

"வெள்ளை. அப்பா வெளக்குமாத்தால அடிச்சாரே."

வீட்டுக்காரர் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "மகளுக்கு யூனிபோர்ம் தைக்கக் குடுக்க நீ கண்டிக்குப் போனியே, அன்னைக்கு. பக்கத்துத் தோட்டத்து லைன் வீட்டுச் சேவல். அஞ்சு நிமிஷம்தான் இருக்கும், வெரட்டிட்டேன்."

"அஞ்சு நிமிஷமா?"

"அஞ்சு நிமிஷத்துல என்னத்த ஆகிடும்?"

நான் அவரைப் பார்த்தேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் விரல் விட்டு எண்ணினேன். முட்டை சேர்க்கத் தொடங்கியதற்கு ஒன்பது நாள் முந்தி. நீங்கள் சொன்ன மூன்று கிழமை முடியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அவர் மெதுவாகச் சொன்னார்: "எட்டாம் நாள் பார்த்தா கருதானே தெரியும். அப்பன் யாருன்னு தெரியாதே. சேவல் கைக்கு வரட்டும், பிறகு சொல்லேன்." கெட்ட மனிதர் அல்ல ராத்தா. ஆறு மாதம் நான் போனும் கையுமாக அலைந்ததைப் பார்த்தவர். உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நாள் நானும் அதையே நினைத்தேன். அந்தச் சேவல் இல்லாவிட்டால் உங்கள் கோழிகளே இல்லை. உங்கள் கோழிகளைக் காப்பாற்றத்தானே ஒரு பொய், என்று என்னிடமே வாதாடினேன். அந்த வாதத்தை உங்கள் முகத்துக்கு முன்னால் சொல்லிப் பார்க்க முயன்றபோதுதான் வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு தெல்தெனிய பஸ் ஏறினேன். அக்கா வாசலில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். "என்னங்க, இன்னும் ஒரு நாள் இருக்கே, அதுக்குள்ள அவசரமா?" என்று சிரித்தார். நின்றபடியே சொல்லி முடித்தேன். திருவுகிற கை நின்றது.

"எங்கிட்ட அடைக்கு உக்கார்ற பேடு ஒண்ணே ஒண்ணுதான். அதை உங்க முட்டைக்கு வெச்சிருக்கேன். இப்ப வந்து சொல்றீங்க?"

"எனக்கே ஞாயித்துக்கிழமைதான் தெரியும்க்கா."

"வீட்டுல ஆம்பள இருக்காரு, ஒரு சேவல் வந்துச்சுன்னு சொல்லத் தெரியாதா? எத்தனை வருஷமாக் குடும்பம் நடத்துறீங்க?"

"குஞ்சம் நிக்கிற குஞ்சை மட்டும் ஒதுக்கிட்டா…"

"ஒதுக்குறதா? பக்கத்து வீட்டுக்காரி அழகா இருக்குன்னு ஒண்ணு கேப்பா, நானும் குடுப்பேன். அவ அடைக்கு வெப்பா. நாலு வருஷத்துல இந்தப் பக்கம் சுத்தமானது ஒண்ணு இருக்காது. வெளையாட்டா உங்களுக்கு?"

சத்தத்தில் மகள் அழத் தொடங்கினாள். அக்கா எழுந்து போய் கோழிக்கூட்டு என்கிற சாதி வாழைப்பழம் ஒன்றைக் கொண்டு வந்து, உரித்து அவள் கையில் கொடுத்து, தலையைத் தடவிவிட்டு, திரும்பி என்னை விட்ட இடத்திலிருந்து ஏசினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கண் கலங்கியது உண்மை. ஆனால் உள்ளே என்னவோ இறங்கி அமைதியாகிக்கொண்டிருந்தது. ஆறு மாதத்தில் எத்தனை பேரிடம் பேசினேன், ஒருவருக்காவது கோபம் வந்ததா?

"சேவல் கிடையாது," என்றார் கடைசியில். "இன்னைக்குக் கிடையாது. கூட்டைப் பூட்டுங்க. அந்த ஒரு நாள்தான் வந்துச்சுன்னு என்ன நிச்சயம்? இன்னைக்கு இருந்து மூணு கிழமை எண்ணுங்க. பிறகு நான் வருவேன். கூட்டைப் பார்ப்பேன், கதவைப் பார்ப்பேன், உங்க வீட்டுக்காரரையும் ஒருக்கா பார்ப்பேன். அதுக்குப் பிறகுதான் முட்டை, சேவல் எல்லாம்."

வரும் வழியில் பஸ்ஸில் மகள் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். "அந்த ஆன்ட்டி ஏசினாங்க தானே? ஏம்மா சிரிக்கிறீங்க?"

அவளுக்கு என்ன சொல்வது? வெறுங்கையோடு வந்தேன். வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன், சேவல் இல்லை என்று கேட்டதும் போய்க் கூட்டுக் கதவுக்கு இரண்டாவது கொண்டி போட்டார். இன்று மூன்றாம் நாள். அக்கா வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றும் சொல்லலாம். அந்தப் பயம் காலையில் என்னோடு எழும்பி, மகளுக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்ட கையோடு கொண்டியையும் போய்த் தொட்டுப் பார்க்க வைக்கிறது. ஆனாலும் எங்கே போய்ச் சேவல் கேட்பது என்று எனக்கு இப்போது தெரியும், ராத்தா. அங்கே என்னை ஏசுவதற்கு ஒருவர் இருக்கிறார். அந்த ஏச்சை வாங்கிக்கொண்டு நிற்கிற காலும், வீடு வரும்போது சிரிக்கிற வாயும் நீங்கள் எனக்கு விட்டுப் போனவை.