உங்கள் மூக்கும் என் மூக்கும்

அன்புள்ள என்னவருக்கு,

நானும் மகளும் நலம். அங்கே குளிர் அதிகம் என்று சொன்னீர்கள், காதை மூடிக்கொள்ளுங்கள். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. பிளம்பர் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று போக்குக்காட்டுகிறார். இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் நீங்கள் நடுவில் புகுந்து என்னைச் சமாதானப்படுத்திவிடுவீர்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் அனுப்பிய சின்ன பாட்டில் வந்து சேர்ந்தது. சோளத்தில் வடித்த போர்பனோடு வெறும் ஆல்கஹாலைச் சேர்த்த கம்பெனியின் புதிய கலப்பு விஸ்கி, வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டும், அதற்குள் சுவைத்துச் சொல் என்று சீட்டு வைத்திருந்தீர்கள். காய்ச்சலில் உங்கள் மூக்கு செத்துப்போனதிலிருந்து இது நமக்குப் பழகிய வேலைதானே. நான் முகர்ந்து சொல்வேன். நீங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு போய் அதையே அங்கே சொல்வீர்கள். விஸ்கியைச் சுவைத்துத் தரம் சொல்கிற உங்கள் வேலை போகக்கூடாது என்று நானாகத்தான் ஒத்துக்கொண்டேன். அதில் எனக்கு வருத்தமே இருந்ததில்லை.

போன வாரம் மகள் உங்கள் ரேடியோ பேட்டியைப் போட்டுக் காட்டினாள். வீட்டில் யாராவது உதவுவார்களா என்று பேட்டி எடுத்த பெண் கேட்டாள். “எங்க வீட்டம்மாவுக்கு இந்த வாடையே ஆகாதுங்க. பாட்டிலைத் தெறந்தா அடுத்த ரூமுக்கு ஓடிடுவாங்க” என்று சொல்லிச் சிரித்தீர்கள். இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாமே. ரகசியத்தைக் காப்பாற்ற அது போதாதா? அதோடு விட்டீர்களா? கருகின சர்க்கரை வாசனை என்று நான் அடுப்படியில் நின்று சொன்னதை, உங்களுக்குத் தூக்கத்தில் தோன்றியதாக வேறு அளந்தீர்கள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்? நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். இப்படி என்னை ஏமாற்றுவீர்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆனாலும் வேலையை வேலையாகச் செய்தேன். ரொட்டித் துண்டைத் தின்று தண்ணீர் குடித்து வாயைச் சுத்தம் செய்துகொண்டேன். கிளாஸில் ஊற்றி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு முகர்ந்தேன். வெனிலாவும் ஓக் மரப் பீப்பாயின் வாசனையும் நன்றாகவே வருகின்றன. நாக்கில் வைத்தால் சோளத்தின் இனிப்பு. விழுங்கியதும் ஒன்றுமே இல்லை. ஓடிவந்து வரவேற்றுவிட்டு, உள்ளே உட்காரச் சொல்ல ஆளில்லாத வீடு மாதிரி இருக்கிறது. மணமில்லாத வெறும் ஆல்கஹாலை அளவுக்கு மீறிக் கலந்துவிட்டார்கள். போர்பனின் அளவைக் கூட்டாமல் இதைக் கடைக்கு அனுப்பக்கூடாது.

இதை அப்படியே என் பெயர் போட்டு கலவையை முடிவு செய்கிற உங்கள் தலைமைக் கலவையாளருக்கும் அனுப்பிவிட்டேன். இத்தனை வருடமாக நடந்தது எதையும் அதில் எழுதவில்லை. பாட்டில் என் கைக்கு எப்படி வந்தது என்று அவர் உங்களைத்தான் கேட்பார். உங்கள் வேலைக்கு ஆபத்து வரலாம். வாடகையும் மகள் படிப்பும் எனக்குத் தெரியாததா? தெரிந்துதான் அனுப்பினேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உங்களுக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன். அவர் கேட்கும்போது உண்மையைச் சொல்லிவிட்டால், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள். இன்னொரு தடவை சிரித்து மழுப்பினால், கொஞ்ச நாள் அங்கேயே இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி