கண்மாய்க்கரை வீட்டுக்குப் பூக் கேட்டது

சிலமலை,
20.2.1985

அன்பு மகன் திருப்பதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் சந்திரவல்லியும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, வாயும் குறையவில்லை, அதனால் நன்றாக இருக்கிறார் என்றே எடுத்துக்கொள். வழக்கமாக அவர்தான் உனக்கு எழுதுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுது அதை எழுது என்று சொல்லிக்கொண்டிருப்பேன். இந்தக் கடிதத்தை மட்டும் நானே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி. மழை இந்த வருஷம் பரவாயில்லை, கிணற்றில் தண்ணீர் நிற்கிறது. மலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று ஜீப்புக்காரர்கள் ஊர் ஊராக வந்து கூப்பிடுகிறார்கள், நம் தெருவிலிருந்தே எட்டுப் பேர் விடியுமுன் ஏறிப் போகிறார்கள்.

நீ எழுதியதைப் படித்தேன். பம்பாய்க்கு வெளியே அந்தச் சின்ன ஊரில், ஏரிக்கரையில், வீடு விலைக்கு வருகிறது, அங்கிருந்து கம்பெனிக்குப் போக ரயிலில் ஒன்றரை மணி நேரம், நம்மைப் போல மாதச் சம்பளக்காரர்கள்தான் அங்கே குடியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கீழ்வீடு ஒன்று, ஏரியைப் பார்த்த மாதிரி மாடிவீடு ஒன்று, இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், மாசி முடிவதற்குள் முன்பணம் கொடுக்க வேண்டும், ஆனால் சந்திரவல்லி வீட்டைப் பார்க்கவே வர மாட்டேன் என்கிறாள் என்றும் எழுதியிருந்தாய். "நான் கை காட்டுனா அது வெளங்காது, ஊர்ல அத்தைய பூக்கட்டிப் பாக்கச் சொல்லுங்க, சாமி சரின்னு சொன்னா நான் வர்றேன்" என்று அவள் சொன்னதாக நீ எழுதிய வரியை நான் எத்தனை தரம் படித்தேன் என்று கணக்கில்லை. அந்த வரிக்குத்தான் இந்தக் கடிதம். அப்பு, நான் சொல்லப்போவதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

போடிக்குப் போகிற வழியில் கண்மாய்க்கரையில் நீ வாங்க ஆசைப்பட்டாயே ஒரு வீடு, அதைப் பற்றி நாம் இந்த ஏழு வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. பதினைந்து வீடுதான் அப்போது அங்கே. வாத்தியார்கள், பேங்குக்காரர், ஏலக்காய்க் கடைகளில் கணக்கு எழுதுகிறவர்கள், எல்லோரும் காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு ஒரே நிறுத்தத்தில் நின்று போடி பஸ்சுக்கு ஏறுவார்கள். அப்போது உன் முதலாளியாக இருந்த முகைதீன் பிச்சை ராவுத்தர் தன் மகள் மதீனாவுக்காகக் கட்டிய வீடு அது, அந்தப் பெண் புருஷனோடு கம்பத்துக்குப் போய்விட்டதால் உனக்கே தருகிறேன் என்றார். "ஒரு மாசம் வேணும்னாலும் பொறுக்குறேன் தம்பி, வேற ஆளுக்குக் குடுக்கல" என்று அவர் நம் வீட்டு வாசலில் நின்று சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சந்திரவல்லி அந்த வீட்டை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து, சமையல்கட்டு சன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிகிறது அத்தை என்று அன்றைக்கு முழுவதும் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது. ஒரே மகன், கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் தனிக்குடித்தனம் போகிறான், மாமியார் என்ன கொடுமை செய்தாளோ என்று தெருவில் பேசுவார்கள் என்று நினைத்தேன். அதைவிட, நீ வேலை முடிந்து வந்து சைக்கிளை நிறுத்துகிற சத்தம் இனிமேல் வேறு வாசலில்தான் கேட்கும் என்று நினைத்தேன். நம் வீட்டுக்கும் அதற்கும் இரண்டு மைல்தான். அந்த இரண்டு மைலை என்னால் பொறுக்க முடியவில்லை.

அப்பா சரி என்றுதான் சொன்னார். நான்தான் சாமியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று ஆரம்பித்தேன். பூக்கட்டிப் பார்ப்பது உனக்குத் தெரியும், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுத்தால் வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் வேண்டாம். இலையில் மடித்து நூல் சுற்றியது நான். வெள்ளை அரளியை மடியிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியைத்தான் கட்டினேன். திருப்பதி, உன் அம்மா காளியம்மன் முன்னால் செய்த காரியம் இது. அதோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. மொக்கையன் பூசாரி யாராவது ஒரு பச்சைப் பிள்ளையை எடுக்கச் சொல்லலாம் என்றார், நான்தான் "ஆசப்பட்டவளே எடுக்கட்டும், அவ கையால வந்தாத்தான் அவளுக்கு மனசு ஆறும்" என்றேன். நாளைக்கு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாதென்று அப்படிச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கும்பிட்டு எடுத்தாள். பூசாரி பிரித்துப் பார்த்து, "ஆத்தா செவப்புக் குடுத்திருச்சு, விட்டுருங்க" என்றார். மற்ற பொட்டலத்தை நான் வெரசாக எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன், வரும் வழியில் வாய்க்காலில் போட்டேன். சந்திரவல்லி அழவில்லை. வீடு வந்து சேரும்வரை தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பின்னால் நடந்தது உனக்கே தெரியும். ராவுத்தரிடம் போய்ச் சொன்னாய், அவரும் சாமி விஷயத்தில் நான் என்ன சொல்வது என்று ஒரு தலைமையாசிரியருக்கு வீட்டைக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கென்று வைத்திருந்த பணம் கையில் இருந்தது, சிநேகிதன் பம்பாயில் வேலை இருக்கிறது என்று எழுதினான், ஆவணி பிறப்பதற்குள் நீ ரயிலேறிவிட்டாய். இரண்டு மைல் தூரத்தில் இருந்திருக்க வேண்டிய பிள்ளையை மூன்று ரயில் மாறிப் போகிற இடத்துக்கு அனுப்பியது நான்தான். பேத்தி பிறந்ததைத் தந்தியில் தெரிந்துகொண்டேன், அவள் நடக்கப் பழகியதைப் பார்க்கவில்லை. இப்போதும் போடிச் சந்தைக்குப் போகிறபோது பஸ்சில் கண்மாய்ப் பக்கத்துச் சன்னலில் நான் உட்காருவதில்லை. அந்தத் தலைமையாசிரியர் மாடி எடுத்துக் கட்டியிருக்கிறார் என்று அப்பா சொல்லித்தான் தெரியும்.

அதுகூட என் வயிற்றெரிச்சலுக்கு எனக்குக் கிடைத்த கூலி என்று விட்டுவிடுவேன். போன தடவை நீங்கள் வந்திருந்தபோது உன் சித்தப்பா மகள் இருளம்மாள் கல்யாணத்தில், மணப்பெண்ணுக்கு முதலில் மஞ்சள் பூச சந்திரவல்லியைக் கூப்பிட்டார்கள். அவள் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "என் கை வேணாம் அத்தே, நீங்க பூசுங்க, நல்லா இருக்கட்டும் அந்தப் பிள்ள" என்றாள். நான் போய்ப் பூசினேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது, கூட்டத்தைப் பார்த்து முழுங்கிவிட்டேன். நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் ஒருத்தரை எடுத்தெறிந்து பேசியதில்லை, அப்படிப்பட்ட பிள்ளையைத் தன் கையைக் கண்டே தானே பயப்படும்படி செய்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை நீ கேட்டபடி பூ வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். இதையும் உன்னிடம் மறைக்கவில்லை, இந்தத் தடவை இரண்டிலும் வெள்ளையைக் கட்டிவிடலாமா என்று நினைத்தேன். வெள்ளை வந்தது என்று ஒரு வரி எழுதினால் நீங்கள் வீடு வாங்கிவிடுவீர்கள், எல்லோருக்கும் சந்தோஷம், நானும் தப்பித்துக்கொள்வேன். ஒரு பொட்டலம் கட்டியும்விட்டேன். ஆனால் அந்த வெள்ளை என் கைக்கு வந்ததாகத்தான் அவள் நினைப்பாள், அவள் கை அப்படியேதான் இருக்கும். கட்டியதைப் பிரித்துப் பூவை அம்மனுக்குப் போட்டுவிட்டு, எதுவும் கேட்காமல் திரும்பிவிட்டேன். வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "ஏழு வருசமா என்னையும் சேத்துல்ல ஏமாத்திருக்க" என்று சொல்லிவிட்டு வட்டிலில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். பொழுது சாய வந்து, "நீயே எழுது, நான் எழுத மாட்டேன், அந்தப் பிள்ளைக்கு விசயம் போய்ச் சேரணும்" என்றார். நான்கு நாள் தள்ளித் தள்ளி இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் அவளுக்குப் படித்துக் காட்டு. அம்மா பாவம் என்று எதையும் மழுப்பாதே. அவளுக்குக் கோபம் வந்தால் தடுக்காதே, இனி உங்கள் வீட்டுக்கு வர மாட்டேன் என்று சொன்னாலும் அது நியாயம்தான். அதற்கப்புறம் அவளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு வீட்டையும் காட்டு. மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் எதுவரை ஏறும் என்று அங்கே பல வருஷமாகக் குடியிருப்பவர்களைக் கேட்டுக்கொள், விற்கிறவன் பேச்சை மட்டும் நம்பாதே. மாடி என்றால் கைப்பிடிச் சுவர் உயரமா என்று பார், பேத்தி ஒரு இடத்தில் நிற்கிற பிள்ளை இல்லை. தினமும் மூன்று மணி நேரம் ரயிலில் கிடக்கப் போகிறாய், சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டு போ. கீழ்வீடா மாடியா என்பதை நீ சொல்லாதே, நானும் சொல்லவில்லை, சாமியையும் கேட்க வேண்டாம். அவள் எதைக் காட்டுகிறாளோ அதை எடு. முன்பணத்தை அவள் கையால் கொடு, பால் காய்ச்சுகிற அன்றைக்கு அடுப்பை அவளே பற்றவைக்கட்டும்.

உங்கள் மூன்று பேருக்கும் காளியம்மன் துணை இருப்பாள். அவள் பேரைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்றாலும் பெற்றவள் வேறு யாரைச் சொல்லுவேன். பேத்திக்கு என் முத்தம். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். இதற்கு நீ பதில் போட வேண்டாம், போட்டால் அம்மாவை மன்னித்துவிட்டேன் என்றுதான் எழுதுவாய், எனக்குத் தெரியும். சந்திரவல்லி எழுதட்டும். திட்டி நாலு வரி எழுதினாலும் சரி, அவள் கைப்பட எழுதி, அவள் கையாலேயே தபாலில் போடட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
பெ. மாயக்காள்