நீந்திப் போன மீன்கள்

ஏப்ரல் 3

காலை ஏழுக்கே ஏரித் தண்ணீர் இருபத்தொரு டிகிரி. ட்ரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன், இருபதே அதற்குச் சூடுதான். தூண்டில் சங்கத்தார் பிடித்த மீனை உடனே விட்டுவிடுவது வழக்கம். இந்த முறை என்னிடம் தரச் சொன்னேன். தண்ணீருக்குள் வலைக்கூண்டில் மூன்று நாள் வைத்துப் பார்க்கப் போகிறேன்.

சங்கத் தலைவர் என் அண்ணன்தான். "நீந்திப் போறதக் கண்ணால பாக்கறோமே, அப்புறம் என்ன சோதனை?" என்று சிரித்தார். ஆனாலும் முதல் மீனை அவரே கொண்டுவந்தார். இரண்டு கிலோ இருக்கும். படம் எடுக்க மடியில் வைத்திருந்தார். ஒன்றரை நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 4

கூண்டில் விட்ட இருபது மீன்களில் மூன்று செத்துப் போய்விட்டன.

ஏப்ரல் 6

மொத்தம் பதினொன்று. அண்ணன் பிடித்ததும் அதில் ஒன்று.

கூண்டின் மேல் பழிபோட முடியாது. வலைவீசிப் பிடித்துப் பக்கத்துக் கூண்டில் விட்ட பத்தும் பிழைத்திருக்கின்றன.

கரையில் ஒரு பலகை நிற்கிறது: 'பிடியுங்கள், விடுங்கள், ஆண்டு முழுவதும்.' மீன்வளத் துறைக்காக நான் எழுதிய வாசகம். ஆறு வருடமாயிற்று. குளிர்மாதங்களில் மீன்கள் பிழைத்த கணக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 'ஆண்டு முழுவதும்' என்று எப்படி எழுதினேன்? விட்டதும் நீந்திப் போயிருக்கும். அடியாழத்தில் செத்திருக்கும். ஆறு கோடையில் எத்தனை — எண்ணிப் பார்க்கவே தைரியம் வரவில்லை.

ஏப்ரல் 7

பலகையைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்கிறார் மேலதிகாரி. யாரும் கேட்கப் போவதில்லையாம். நானே போய்ச் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 11

சங்கக் கூட்டம். நாற்பது பேர். நான் எழுதியது தப்பு என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன். பிறகு மற்றதெல்லாம்: கையை நனைத்துக்கொண்டு தொடுவது, தண்ணீருக்குள் வைத்தே தூண்டில் முள்ளைக் கழற்றுவது, முள்ளை விழுங்கியிருந்தால் பிடுங்காமல் தூண்டில் நரம்பை அறுத்துவிடுவது. பத்தொன்பது டிகிரியைத் தாண்டினால் அன்றைக்குத் தூண்டிலே போடக்கூடாது.

யாரும் சண்டைக்கு வரவில்லை. அண்ணன் மட்டும் எழுந்தார்.

"ஆறு வருஷமா மீன விட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போவேன். இப்ப அந்த நிம்மதியையும் எடுத்துட்ட."

நாற்காலியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மே 2

போன் செய்தால் அண்ணிதான் எடுக்கிறார். அண்ணன் தூண்டிலைத் தொடுவதே இல்லையாம். கொல்லையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாராம். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்க வாய் வரவில்லை.

மே 17

பலகையைக் கழற்றியாயிற்று. தண்ணீர் இருபது. ஆனாலும் கரையில் ஏழு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மே 30

காலை ஆறரைக்கு அண்ணனிடமிருந்து போன். ஏழு வாரத்துக்குப் பிறகு. படகுத்துறையில் நின்று பேசினார் போல, பின்னால் யாரோ முணுமுணுப்பது கேட்டது.

"இருபத்தொண்ணு காட்டுது. எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டேன்."

சரி என்றேன். வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"நாளைக்கும் அளக்கணுமா?"

அளக்கணும்ணே என்றேன்.