பட்டுக் கொட்டகைச் சாத்தி பொருட்டு விடுத்த ஓலை

நீர் வளம் குன்றாதிருக்க. தண்ணருவி நாடாளும் குன்றக்கோன் வேட்டரையன் ஓலை. பட்டுப்புழு தின்னும் முசுக்கட்டைத் தோட்டங்கள் சூழ்ந்த கொடிக்கானத்து ஊர்ச்சபைப் பெரியோர் காண்க. உங்கள் கிணறுகளும் தொழுவங்களும் மக்களும் நலமாயிருக்க.

அரசி அவனி நங்கையார் மறைந்த நாள் தொட்டுப் பத்து நாள் அரச தோட்டங்களில் பச்சை இலை கிள்ளலாகாது என்னும் வழக்கை, பட்டுப்புழு வளர்க்கும் சாத்தி மீறினாள் என்றும், அமாவாசைக்குள் அவள் ஊரை விட்டு நீங்கவேண்டும் எனச் சபை தீர்த்தது என்றும் எழுதியிருந்தீர்கள். அது அரசியார் மேல் கொண்ட அன்பால் எழுந்த தீர்ப்பு. வேட்டரையன் அறிவான்.

நடந்தது இது. தேவியார் மறைந்த அன்று புழுக்கள் நான்காம் முறை தோலுரித்து, நாளுக்கு ஐந்து வேளை தின்னும் பருவத்தில் இருந்தன. அரசியார் தம் கையால் தேர்ந்த முட்டைகளில் பொரித்தவை. வேறு புழுவித்து இந்நாட்டில் இல்லை. வெறுந்தட்டில் அவை தலைதூக்கித் தேடுவதைச் சாத்தி உச்சிவரை பார்த்திருந்தாள். பிறகு கூடையை எடுத்தாள். தடுத்த காவலரிடம், தேவியார் போனது இவற்றுக்குத் தெரியாது, பசிதான் தெரியும் என்றும், வேண்டுமானால் தன்னைக் கட்டிப்போட்டுவிட்டு காவலரே போய்ப் பறித்து வரட்டும் என்றும் சொன்னாளாம்.

ஆறாம் நாள் வேட்டரையன் அவள் கொட்டகைக்குச் சென்றான். அதுவரை அவன் உண்ணவில்லை. சாத்தி வணங்கவில்லை, இரு கையிலும் இலை. கடைசித் தட்டு இன்னும் தின்னவில்லை என்று மட்டும் சொல்லிக் கூடையை நீட்டினாள். அவன் இட்டான். அவை தின்னும் ஓசையைக் கேட்டபடி மாலைவரை நின்றான். அரண்மனை திரும்பியதும் சோறு கேட்டான்.

இப்போது கூடுகள் கட்டியாயிற்று. அரசியார் வகுத்தபடியே நான்கில் ஒரு பங்கு அவிக்கப்படாது. பூச்சி வெளிவந்து முட்டையிடட்டும். மற்றவற்றில் நூல் எடுத்தபின், கூடு வெந்த நீரை முன்போல் குளத்தில் கொட்டி மீன்களைக் கொல்லாமல், வடித்து வற்றவைத்துப் பசையாக்கி, தீப்புண் மேல் ஒட்டும் மெல்லிய ஏடாக உலர்த்தி மருத்துவசாலைக்கு அனுப்புக.

தீர்ப்பு நீங்குக. கொட்டகை சாத்தியின் பொறுப்பிலேயே நிலைக்க. இனி யார் பொருட்டும், நாளை வேட்டரையனே இறந்தாலும், புழுக்களுக்கு ஒரு வேளை இலை தவறலாகாது. அழுகிறவர்கள் பறித்துக்கொண்டே அழலாம்.

இது கட்டளை. தன் கையால் எழுதி, அருவி முத்திரை இட்டான் வேட்டரையன்.