ஒரே ஒரு படத்தில் விழுந்த கோடு

இன்று காலை மஞ்சக்குப்பம் டீக்கடையில், பெஞ்சில் வைத்த என் சூடான டீ கிளாஸின் நிழல் காலை வெயிலில் சுண்ணாம்புச் சுவரில் விழுந்தது. கிளாஸுக்கு மேலே, ஒன்றுமே இல்லாத இடத்திலும் நிழல் நெளிந்தது. குடிக்காமலே எழுந்து சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். நீ போன பிறகு இது என் கண்ணில் பட்டு என்ன பயன்?

உன் ஆய்வுக்கூடத்துக்கு நான் செய்தி எடுக்க வந்தது 2008இல். தலைமுடி மட்டுமே நுழையக்கூடிய துளையிலிருந்து ஒலியைவிட வேகமாகப் பீறிடும் நைட்ரஜனை நீ படம்பிடித்துக்கொண்டிருந்தாய். குழிந்த கண்ணாடியிலிருந்து திரும்பும் ஒளி குவிகிற இடத்தில், சவர பிளேடின் விளிம்பால் பாதி ஒளியை மறைத்தாய். கண்ணுக்குத் தெரியாத வாயு, திரையில் வைரங்களைக் கோத்த சரம்போலத் தெரிந்தது. "காத்துக்கும் நெழல் உண்டு மச்சான். வெளிச்சத்த சரியா வெட்டணும், அவ்ளோதான்" என்றாய். உடம்புச் சூடுகூடப் படத்தில் விழும், கிட்டே வராதே என்றும் சொன்னாய். நான் தள்ளி நின்று இருட்டிலேயே குறிப்பெழுதினேன்.

அன்று எடுத்த படங்களில் ஒரே ஒரு படத்தில், சரத்துக்குப் பக்கத்தில் சாய்வாக ஒரு மங்கல் கோடு. வாயு இப்படிப் பிரியும் என்று யாரும் சொன்னதில்லை என்றாய். அது மறுபடி வரவேயில்லை. நான்கு வருடம் துளையை மாற்றினாய், அழுத்தத்தை மாற்றினாய். அந்தப் படத்தை விட்டுவிட்டு ஆய்வேட்டை முடிக்கச் சொன்னார் உன் நெறியாளர். பதிவுக்காலம் முடிந்துவிட்டால் பட்டம் கிடையாது. "பாத்தத பாக்கலன்னு எழுதிட்டா, மத்த படத்த நானே நம்ப மாட்டேன்" என்றாய்.

கடைசியாக என் வீட்டுக்கு வந்து, அன்றைய நோட்டைப் படிக்கச் சொன்னாய். "நீதான் ஈ பறந்தாலும் எழுதறவனாச்சே." படித்தேன். மின்விசிறி நிறுத்தியது, கதவு சாத்தியது, சிலிண்டர் முள் நின்ற இடம், எல்லாம் இருந்தது. நான் மட்டும் இல்லை. நிருபன் செய்திக்குள் வரக் கூடாது என்பது எங்கள் தொழில் பழக்கம். எழுதக் கை வேண்டுமென்று, கொண்டுவந்த சூடான டீயை மேசை விளிம்பில், ஒளி போகும் பாதைக்குக் கீழே நான் வைத்ததை எழுதவில்லை. உன்னிடம் படிக்கும்போது நினைவிலும் வரவில்லை; இன்று டீக்கடைச் சுவரைப் பார்த்த பிறகுதான் வந்தது.

"அப்ப அது வாயுதான் மச்சான்" என்று நிம்மதியாக எழுந்து போனாய். 2012இல் பதிவுக்காலம் முடிந்தது. அந்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலையில் நீயும் போய்விட்டாய்.

சொல்லிவிடத்தான் இன்று உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

"அவுரு கண்டுபுடிச்சதுண்ணே. யாரும் ஒத்துக்கல. அந்தக் கோடு ஒங்களுக்குத் தெரியுதா?"

"தெரியுதும்மா" என்றேன்.

தப்பாக அச்சாகிவிட்டால் மறுநாளே இரண்டு வரி திருத்தம் போடுவோம். அந்த இரண்டு வரியை எழுதித்தான் எடுத்துப் போயிருந்தேன். அது இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது.