அந்த நடைக்கு உரியவர்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்களா என்பதுதான் எங்கள் கவலை. அத்தைக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. மாடிப்படி ஏறாதீர்கள் என்றால் மட்டும் காதில் விழுவதில்லை. சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பேசினால் பாதி வார்த்தை காற்றாகப் போகிறது. போனில் சிரித்துவிடாதீர்கள், மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வாள். ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயை மாற்றியாகிவிட்டது.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் சொல்ல வந்த விஷயத்தை எடுத்தாலே, வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அண்ணி வந்திருந்தார். உங்கள் கூட்டாளியான அண்ணன் இறந்ததற்குப் பிறகு நம் வாசலை மிதிக்காதவர், செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கூடத்து வெள்ளைக் கோட்டுடன் அப்படியே வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், டம்ளரைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று காலை யாருக்கோ ரத்தம் எடுக்க ஊசியைக் கையில் எடுத்திருக்கிறார். வெளியே தாழ்வாரத்தில் அண்ணன் நடந்து வரும் சத்தம் கேட்டிருக்கிறது. ஒரு கால் டக்கென்று ஊன்றும், மற்றது தரையைச் சரக்கென்று இழுக்கும், நமக்குத் தெரியாததா? அண்ணி ஊசியை வைத்துவிட்டுக் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிட வாய் வரைக்கும் வந்துவிட்டதாம். வெளியே பெஞ்சில் ஒரு குழந்தை, மடியில் போன். அதில் ஓடிக்கொண்டிருந்தது நம் இணையப் பக்கத்துக் கோட்டைக் காவல்காரன் ஒலிக்கதை.

அந்தக் குழந்தையின் அம்மாவிடம் கேட்டுத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார். கதையின் பக்கத்தில் உங்கள் பெயர் மட்டும் இருந்திருக்கிறது.

என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "இது அவர் நடைதானே? எனக்குப் பைத்தியம் கியித்தியம் பிடிக்கலையே?"

நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் ஓடி வந்து, "டக்டக் மாமா நடைதான் அத்தை! மாமாதான் அப்பாவோட ஷூவைப் போட்டுக்கிட்டு நடப்பாங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்னதோடு விட்டாளா? பின்னறைக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். மழைச் சத்தத்துக்குத் தட்டில் காய்ந்த பட்டாணியை உருட்டியது, இடிக்குத் தகரத்தை உலுக்கியது, குதிரை வரும்போது மாமா சிரித்துச் சிரித்து மறுபடி மறுபடி பதிவு செய்தது என்று எல்லாவற்றையும் நடித்துக் காட்டினாள். அண்ணி அந்தத் தகரத்தைத் தொட்டுக்கொண்டே நின்றார். மனுஷன் இந்த வேலையைப் பற்றி வீட்டில் வாயே திறந்ததில்லையாம். உங்களோடு வெட்டிப் பேச்சுப் பேசப் போகிறார் என்றே நினைத்து அண்ணி சண்டை போட்டிருக்கிறார்.

பிறகு கதையை முழுதாகக் கேட்டோம். கடைசியில் உங்கள் குரல் வந்தது. கதை, குரல், ஒலி எல்லாமே தான்தான் என்று உங்கள் பெயரைச் சொன்னது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பேரை எடுத்துட்டு, காலை மட்டும் வச்சுக்கிட்டாரா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

அண்ணன் பெயரைப் பக்கத்திலிருந்து எடுத்த அன்று நீங்கள் என்னிடம் சொன்ன காரணம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொரு முறை பக்கத்தைத் திறக்கும்போதும் அவன் பெயர் கண்ணில் குத்துகிறது, கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்றீர்கள். நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன். அந்த வாரம் நீங்கள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்ததைப் பார்த்தவள் நான். ஆனால் அதற்குப் பிறகு விருது வந்தது, மேடை வந்தது, இப்போது நீங்கள் இருக்கும் அந்த ஊர் வேலையும் வந்தது. திரும்பப் போட ஒரு நாளும் வரவில்லை. சத்தம் எங்கிருந்து பிடித்தீர்கள் என்று பேட்டியில் கேட்டபோது நீங்கள் தண்ணீர் குடித்ததை நான் பார்த்தேன்.

இங்கே தினமும் சாயங்காலம் சின்னவள் கதை போடுகிறாள். அண்ணன் கூடத்தில் நடக்கிறார், சமையலறைப் பக்கம் வருகிறார், நிற்கிறார். எத்தனை முறை கேட்டாலும் நான் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். அத்தை ஒரு நாள், "உள்ளே வாப்பா, ஏன் வாசல்லயே நிக்கிற" என்றே சொல்லிவிட்டார். பயமாக இல்லை. வந்தவரை யாரென்று சொல்லாமல் நிறுத்தி வைத்திருக்கிறோமே என்றுதான் இருக்கிறது. புதுக் கதைக்கு அங்கே எந்தச் சத்தமும் சரியாக அமையவில்லை என்று போன வாரம் சொன்னீர்கள். ஏன் அமையவில்லை என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு காரியம் செய்துவிட்டேன், கோபப்படாமல் படியுங்கள். குழந்தைகள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் போடச் சொல்லி எனக்குக் கடவுச்சொல் கொடுத்திருக்கிறீர்கள் அல்லவா? அதை வைத்து, எல்லாக் கதைகளின் பக்கத்திலும் உங்கள் பெயருக்குக் கீழே அண்ணன் பெயரை, "ஒலிகளும் நடையும்" என்று சேர்த்துவிட்டேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப் பிழை பார்த்தார். அந்தப் பெரிய நிறுவனத்துக்குக் கதைகளைக் கொடுக்கப்போவதாகச் சொன்னீர்களே, அவர்களிடமும் இதே மாதிரி இரண்டு பேரையும் சொல்லுங்கள். என் கையால் போட்டதை உங்களால் ஒரு நொடியில் அழிக்க முடியும். அழிக்கத் தோன்றினால், அண்ணியிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு அழியுங்கள். அதற்கு மேல் நான் குறுக்கே வரமாட்டேன்.

ஆனால் படிக்கத் தெரியாத குழந்தைகள்தான் நம் கதைகளை அதிகம் கேட்கிறார்கள். அவர்களுக்கு எழுத்தில் போட்டு என்ன பயன்? முடிவில் சொல்வது உங்கள் குரல். அதை நான் மாற்ற முடியாது. அண்ணன் போனதிலிருந்து நீங்கள் அந்தப் பெயரை வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவன், அவன் என்றே சொல்கிறீர்கள்.

உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஒரே ஒரு முறை, மைக்கைப் போட்டு, உங்கள் பெயரோடு அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள். நடுவில் குரல் உடைந்தால் திருத்தாதீர்கள். அப்படியே அனுப்புங்கள்.

என்றும் உங்கள் பக்கத்திலேயே நிற்கும்,
உங்கள் மனைவி