நிமிர்ந்து நின்ற ஸ்பூன்

அன்பு மகள் மிரானுக்கு, கொரியாவிலேயே பெரிய பூசான் மீன் சந்தையின் முடிசூடா மன்னனும், உன் அப்பா போன பிறகு உங்கள் இருவரையும் வளர்த்த பாக்கியவானுமாகிய சித்தப்பா எழுதுவது. டொராண்டோ குளிரில் நீ சுகமாக இருக்க வேண்டும். எங்கள் சுகத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் தம்பி ஊரிமின் அறைக்கதவு அப்படியேதான் சாத்திக் கிடக்கிறது. கோட்டைக் கதவாவது எதிரிக்குத் திறக்கும், இது பெற்றவளுக்கும் திறப்பதில்லை. உள்ளே கணினி விளையாட்டில் அவன் ஏழு தேசத்துத் தளபதி, அவன் உத்தரவு போட்டால் பிரேசில்காரன்கூட ஓடி வருகிறானாம், வெளியே போய் முட்டை வாங்கி வா என்றால் போர்வைக்குள் புகுந்துகொள்கிறான். வேலையை விட்டதே எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. வசந்தத்தில் நான் வீரம் காட்டி இணைய வயரைப் பிடுங்கினேன், அவன் கத்தவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்தவன் சாப்பிடவே இல்லை, நானே போய் மாட்டிவிட்டேன்.

போன வாரம் உன் அப்பாவுக்குத் திதி. முதல் கோப்பை மது மகன்தான் ஊற்ற வேண்டும் என்று கதவைத் தட்டினேன். "நீங்களே ஊத்துங்க சித்தப்பா, நான் இல்லேன்னு நெனச்சுக்கோங்க" என்றான். ஊற்றினேன். உன் அம்மா, என் அண்ணனுக்குப் படைத்த சோற்றில் ஸ்பூனை நட்டு நிறுத்தினாள், கும்பிட்டோம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊரிமுக்கும் தட்டு போட்டு அவன் வாசலில் வைத்தாள். பார்த்தால் அந்தச் சோற்றிலும் ஸ்பூன் நட்டமாக நிற்கிறது, செத்தவருக்கு வைப்பது போலவே. நான் பாய்ந்து எடுப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. "ஐயோ, கை தவறிப்போச்சுடா" என்று உன் அம்மா பதறினாள். அவன் கோபப்படவில்லை. "சரியாத்தாம்மா வச்சிருக்கே" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

என்னைப் பொய் மூட்டை என்பாய், மகளே. இதில் ஓர் எழுத்தும் நான் கூட்டவில்லை. மனநல மையத்து அம்மாளைப் பார்த்தேன்; வீட்டுக்கே வருகிறேன், அதுவரை அவனைத் தனியே விடாதீர்கள், பக்கத்திலேயே இருங்கள் என்றார். உன் அம்மா தட்டைத் தொடவே பயப்படுகிறாள், அதனால் நான்தான் வைக்கிறேன், ஸ்பூனைப் படுக்கவைத்து, திரும்பவும் ஒருமுறை பார்த்துவிட்டு. அவன் வாசலிலேயே உட்கார்ந்து நானும் சாப்பிட்டபடி, நான் ஏலம்விட்ட பஸ் நீளச் சூரை மீனின் கதையைக் கதவுக்குச் சொல்கிறேன்.

நீ அவனைப் போனில் கூப்பிடு, மறக்காதே. புத்தி சொல்லாமல் பழையபடி வம்புக்கு இழு. உனக்கு மலைபோல் ஆயுள் வாய்க்கட்டும், அதில் பாதியை அவனுக்கும் வேண்டிக்கொள்.

நேற்று உள்ளேயிருந்து, "போன தடவ லாரி நீளம்னீங்க" என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான் எங்கள் சுகம்.

உன் சித்தப்பா,
பக் ஜொங்மான்